ஊதா முள்ளங்கி, சரி!

இனி வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சத்தியம். அமகசாக்கி கோவில் மணி, ரயில்வே கால அட்டவணை, வரி அலுவலகம், இந்த மூன்றின் மீதும் சத்தியம். அந்த ஊரில் இதைவிடப் புனிதமானது எதுவும் கிடையாது.

மின்சாரக் குக்கரின் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அதைச் செய்வதுதான் ஹிருகவா கேஸ்கெட் கம்பெனி. இயந்திரத்தில் நிற்பவர்களை விட்டுவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். நோய்க்காலத்தில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் போயிற்று, போனவர்கள் திரும்பவில்லை. கம்பெனியின் வரைபடங்கள் நாற்பத்து மூன்று வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் திறந்து கிடந்தன. அடுத்த வருடம் வரப்போகிற புதுக் குக்கரின் மூடியும் அவற்றில் ஒன்று. அது எப்படி இருக்கும் என்பது ஜப்பான் முழுவதிலும் பதினோரு பேருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

அந்த ரகசியத்தைக் காப்பது நுகாகா தொகியோவின் வேலை. தகவல் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். பிரிவில் வேறு ஆள் கிடையாது. ஆகவே அவர் சொல்லை மீறியவர் என்று அந்தப் பிரிவில் எவரும் இல்லை. பிரிவுக்கு வெளியேதான் எவரும் கேட்கவில்லை.

நுகாகாவின் வீடு ஷோதோஷிமா தீவில். மனைவி கனாயே அங்கே ஒரு சோயா சாஸ் ஆலையில் வேலை பார்த்தாள். முன்பு ஏழு வருடம் அவர் அமகசாக்கியில் கம்பெனிக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார். கடையில் வாங்கிய டப்பா சாப்பாடு, சுவரைப் பார்த்தபடி. வெள்ளிக்கிழமை படகில் தீவுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை படகில் திரும்புவார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு பெட்டியும் ஒரு கணினியுமாக வந்து சேர்ந்தவர்தான். முதல் மாதம் கனாயே அவருக்கு விருந்தினர் தட்டிலேயே சோறு வைத்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை படகுக்கு நேரமாகலையா?" என்று கேட்பாள்.

"இனிமே படகு கிடையாது."

"அப்ப பாத்திரம் கழுவுறவரு நீங்கதான்."

கழுவினார். மூன்று வருடமாகக் கழுவிக்கொண்டிருந்தார். மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சோமென் நூடுல்ஸ் உறிஞ்சுவார்கள். அவருக்கு இந்த ஆயுளில் வேண்டியது அவ்வளவுதான். அதைத்தான் ஹிருகவா முதலாளி ஏப்ரல் மாதம் ஒரே வாக்கியத்தில் கத்தி முனையில் நிறுத்தினார்.

"இந்த வருஷம் இன்னும் ஒரே ஒரு தடவை ஏதாச்சும் வெளிய கசிஞ்சுது, எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆபீசுக்கு வந்து சேருங்க."

'இன்னும் ஒரு தடவை' என்று அவர் சொன்னதற்குக் காரணம் ஒரு நாய் முடிதிருத்தகம்.

அந்தக் கம்பெனியில் வரைபடம் அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. கோப்பைப் பூட்டி ஒரு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். இரண்டு நிமிடம் கழித்து, அதே முகவரிக்கு இன்னொரு மின்னஞ்சலில் சாவியை அனுப்புவார்கள். நுகாகா பத்து வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"முதலாளி, பெட்டியைக் கொண்டுபோற தபால்காரர் கையிலயே சாவியையும் கொடுக்குறோம். இதுக்குப் பூட்டாமலே அனுப்பலாமுங்க."

"ரெண்டு மெயில் அனுப்புறது மரியாதைப்பா. ஒண்ணோட நிறுத்தினா நம்மளை என்னன்னு நெனைப்பாங்க?"

மார்ச் மாதம் கொள்முதல் பிரிவில் யாரோ முகவரியின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார்கள். மீதியைக் கணினி தானே இட்டு நிரப்பியது. பெட்டியும் சாவியும் இரண்டு நிமிட இடைவெளியில், மிகுந்த மரியாதையோடு, நிஷினோமியாவில் உள்ள ஒரு நாய் முடிதிருத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "தங்கள் கோப்பு நன்றாகத் திறந்தது. மன்னிக்கவும், இந்த மாதிரி வெட்டு எங்களிடம் கிடையாது."

இதிலிருந்து நுகாகா ஒரு பாடம் படித்தார். முதலாளி வேறொரு பாடம் படித்தார். தப்பு முறையில் இல்லை, தட்டிய விரலில் இருக்கிறது என்பது முதலாளியின் பாடம். எழுபத்தாறு வயதிலும் காலை ஆறு மணிக்கு இயந்திரக் கூடத்தில் நிற்கிறவர் அவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொத்தானை அழுத்துமுன் விரலை நீட்டி அதைக் காட்ட வேண்டும், வாய்விட்டு, "அழுத்தம், சரி! கதவு, சரி!" என்று கத்த வேண்டும். ரயில் ஓட்டுநர்கள் செய்வதுதான்.

திரையில் நாற்பத்து மூன்று முகங்களும் கூடியிருந்த கூட்டத்தில் முதலாளி அறிவித்தார்: "இன்னையிலருந்து பாஸ்வேர்டு போடும்போதும் விரல் நீட்டிச் சத்தமாச் சொல்லணும். முதல்ல கம்பெனி பேரு, அப்புறம் போன் நம்பர், அப்புறம் பாஸ்வேர்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சரி."

நுகாகா கையை உயர்த்தினார். "முதலாளி, பாஸ்வேர்டுங்கறது வாய்க்குள்ளகூட சொல்லக் கூடாத சங்கதிங்க. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்."

"அம்பத்திரண்டு வருஷமா நம்ம கூடத்துல ஒரு விரல்கூடப் போகலை. எதனால? சத்தத்தால."

"விரல் வேற, பாஸ்வேர்டு வேறங்க."

"விரலாவது பத்து இருக்கு. ஒரு பெட்டிக்குப் பாஸ்வேர்டு ஒண்ணுதானே இருக்கு? அப்ப இன்னும் சத்தமாச் சொல்லு."

கம்பெனிக் கணினிக்குள் நுழைகிற கடவுச்சொல்லை முதலாளியே தேர்ந்தெடுத்திருந்தார்: ஊதா முள்ளங்கி ஏழு தவளை. நாற்பத்திரண்டு பேர் அன்று முதல் காலை ஒன்பது மணிக்கு, அவரவர் வீட்டில், திரையை நோக்கி விரலை நீட்டினார்கள். கோபேயிலிருந்து ஹிமேஜிவரை கடற்கரை நெடுக, "ஊதா முள்ளங்கி, சரி! ஏழு தவளை, சரி!" என்று ஒலித்தது. ஷோதோஷிமாவில் மட்டும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடவுச்சொல்லை மாற்றலாமே என்று கேட்கலாம். நுகாகாவும் கேட்டார். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் ஆறு பேர் கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று அந்த ஆறு பேருக்கும் தெரிய வேண்டாமா? ஆகவே புதுக் கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் முதல் வரியிலேயே எழுத வேண்டும். படிவம் ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குத் தபாலில் போகும். கடைசிக் கட்டத்தில் முதலாளியின் முத்திரை. மற்ற ஐந்தும் அதை நோக்கிச் சற்றே சாய்ந்து, தலை வணங்கி நிற்க வேண்டும். நுகாகாவின் படிவம் இரண்டு தடவை திரும்பி வந்தது. ஒரு தடவை, "மாற்றத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்த "பாதுகாப்பு" என்பது தெளிவாக இல்லையாம். இன்னொரு தடவை, தொழிற்சாலை மேலாளரின் முத்திரை நிமிர்ந்து நின்றதாம். மூன்றாம் தடவை படிவம் மேலாளரிடம் போனபோது அவர் குடலிறக்கத்துக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார், முத்திரையையும் எடுத்துக்கொண்டுபோய்.

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை காலை, கொள்முதல் பிரிவு மினோபே தொஷியேயிடமிருந்து தொலைபேசி வந்தது. ஆகாஷியில் தனியாக இருக்கிற அம்மாள். வயது ஐம்பத்தெட்டு.

"நுகாகா சான், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க கோரோ பறந்துட்டான்."

"கோரோ யாருங்க?"

"மைனா. ஜன்னலை இவ்வளவுதான் திறந்தேன்."

நுகாகா ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கப் போனார். அப்போதுதான் காலை ஒன்பது மணி நினைவுக்கு வந்தது.

"மினோபே சான். அவன் பேசுவானா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! காலைல நான் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லுவான். என் குரல்லயே. கம்பெனி பேரு, போன் நம்பர், முள்ளங்கி, தவளை, மத்த பெட்டிகளோட பாஸ்வேர்டு, ஒண்ணு விடமாட்டான். ஒரு காலைத் தூக்கித் திரையைக்கூடக் காட்டுவான். 'சரி' மட்டும் என்னைவிட நல்லாச் சொல்லுவான்."

நுகாகா விரல் விட்டு எண்ணினார். நாய் முடிதிருத்தகம் ஒன்றாவது. மைனா இரண்டாவது. ஒற்றை அறை, டப்பா சாப்பாடு, சுவர்.

மத்தியானத்துக்குள் மினோபே மறுபடி அழைத்தாள். கோரோ கிடைத்துவிட்டான். ஆகாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே காவல் சாவடியில் இருக்கிறானாம். தானே நடந்து உள்ளே போனானாம். முதலாளி காதுக்குப் போகுமுன் பறவையைக் கூண்டில் போட்டு எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நுகாகா கோட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் கனாயே.

"மைனா பிடிக்க."

"உங்க வேலை கம்ப்யூட்டர்லன்னு சொன்னதா ஞாபகம்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

"சாயங்காலப் படகுக்கு வந்துருவீங்கல்ல? சவாரா மீன் ஊற வெச்சிருக்கேன்."

அவர் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு ஹிமேஜி படகைப் பிடித்தார்.

ஆகாஷியில் இறங்கி நிலையத்தைவிட்டு வெளியே வந்ததுமே கால் நின்றுவிட்டது. சாவடியின் வாசலில், காணாமல் போன குடைகளும் கைப்பைகளும் அறிவிக்கப்படுகிற பலகையில், அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

"கண்டெடுக்கப்பட்டது: மைனா ஒன்று. கறுப்பு. தன்னைப் பற்றிப் பின்வருமாறு கூறுகிறது: ஹிருகவா கேஸ்கெட், சரி. ஊதா முள்ளங்கி, சரி. ஏழு தவளை, சரி. உரியவர் அணுகவும்."

பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆக்டோபஸ் பொட்டலத்தோடு நின்ற ஒரு கிழவர், பக்கத்தில் இருந்தவரிடம், "முள்ளங்கி சரி, தவளை எதுக்கு?" என்று கேட்டார். உள்ளே, மேசைமேல் ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் கோரோ. மினோபே அதன் முன் குந்தி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காவலர் பெயர் குரிஹாஷி. அவசரம் என்றால் என்னவென்று அறியாத, பண்பான மனிதர்.

"வாங்க, வாங்க. நீங்கதான் கம்பெனிக்காரரா? ரொம்பத் தெளிவாப் பேசற பறவைங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு ஒழுங்கா வாக்குமூலம் கொடுத்தவங்க யாரும் இல்லை."

"ஐயா, முதல்ல அந்தப் பலகையை அழிச்சிருங்க."

"உரியவர் வந்துட்டா அழிச்சிருவேன். நீங்க உரியவரான்னு தெரியணுமே. அந்த அம்மா பறவை அவங்களோடதுன்னு சொல்றாங்க. பறவையோ கம்பெனி பேரைச் சொல்லுது."

"கம்பெனிக்காகத்தான் நான் வந்திருக்கேன்."

"நல்லதுங்க. அப்ப அடையாளம் சொல்லுங்க. பறவை என்ன பேசும்?"

நுகாகா பலகையைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே வெளிய எழுதி வெச்சிருக்கீங்களே!"

"அதைப் படிச்சுட்டு யார் வேணா சொல்லலாமே. அதனால மூணு வரியை எழுதாம விட்டிருக்கேன். பாதுகாப்புக்காக." காவலர் லேசாகப் பெருமைப்பட்டார். "போன் நம்பர் ஒண்ணு. மத்த ரெண்டையும் நீங்க வாய்விட்டுச் சொல்லணும். நான் எழுதிக்கணும்."

பத்து வருடத்தில் பாதுகாப்பைப் பற்றி யோசித்த ஒரே ஆளை நுகாகா இப்போதுதான் சந்தித்தார். அந்த ஆள் மேசைக்கு எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நுகாகா மினோபேயைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வரைபடப் பெட்டியோட பாஸ்வேர்டும், வாடிக்கையாளர் பெட்டியோடதும்" என்று முணுமுணுத்தாள். இரண்டையும் நுகாகா காவலர் காதருகே போய்க் கிசுகிசுத்தார். கூடைக்குள்ளிருந்து கோரோ ஒவ்வொன்றுக்கும் உரத்த குரலில், "சரி!" என்றது. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"பொருந்துதுங்க," என்றார் குரிஹாஷி. "இங்க உங்க முத்திரை வைங்க."

நுகாகா வைத்தார். காவலர் படிவத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிக்கணும். சாஞ்சிருக்கு."

"அது... பழக்கம்."

"இது அரசாங்க ஆவணங்க. நேரா நிக்கணும்."

இரண்டாவது படிவத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள். நுகாகா மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு முத்திரையை நேராகப் பதித்தார். மினோபே கொண்டுவந்திருந்த கூண்டில் பறவையை மாற்றித் தூக்கும்போது, இதோ முடிந்துவிட்டது, சாயங்காலப் படகு, மீன் என்று ஒரு கணம் நினைத்தார்.

"உங்க முதலாளி ரொம்ப நல்லவருங்க," என்றார் குரிஹாஷி.

"எங்க முதலாளியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பறவைதான் நம்பரைச் சொல்லுச்சே. காலைலயே கூப்பிட்டுத் தகவல் சொல்லிட்டேன். போன்லயே பறவையைப் பேச விட்டேன். மூணு தடவை கேட்டார்."

சொல்லி வாய் மூடுவதற்குள் நுகாகாவின் கைபேசி அதிர்ந்தது. முதலாளி.

"நுகாகா! கேட்டியா? அந்த உச்சரிப்பைக் கேட்டியா? ஒரு எழுத்து விழுங்கலை! நாப்பத்து மூணு பேர்ல ஒருத்தன் இப்படிச் சொல்றதில்லை. நீ சொல்றதே இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"முதலாளி, நடந்தது பெரிய தப்பு. எல்லா பாஸ்வேர்டையும் இன்னைக்கே மாத்திட்டா ஒரு ஆபத்தும் இல்லைங்க. ஒரே ஒரு மணி நேரம் கொடுங்க."

"படிவம் எங்க?"

"மேலாளர்கிட்ட. மருத்துவமனைல."

"அப்ப அவரு எழுந்திரிக்கட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசுவோம்."

வெள்ளிக்கிழமை வந்தது. திரையில் நாற்பத்து மூன்று முகங்கள். பாதிப் பேர் அழுகிற நிலையில் இருந்தார்கள். பெட்டி கட்டியவர்களும் உண்டு. கனாயே சுவருக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுவிடுவது நுகாகாவுக்குக் கேட்டது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்.

"நடந்ததை யோசிச்சுப் பார்த்தேன். மனுஷங்க மேல ஒரு குத்தமும் இல்லை. மினோபே விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிச்சிருக்காங்க. கசிஞ்சது பறவை வழியா. அதனால மனுஷங்க வீட்டுலருந்தே வேலை பார்க்கலாம். பறவை ஆபீசுக்கு வந்துரணும்."

நாற்பத்தோரு முகங்கள் மலர்ந்தன. மினோபேயின் முகம் மட்டும் யோசித்தது. நுகாகாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை.

"கம்பெனியோட ரகசியம் முழுசும் அதுக்குள்ள இருக்கு," என்று முதலாளி தொடர்ந்தார். "கம்பெனிக் கூரைக்குக் கீழதான் இருக்கணும். மினோபே, நீங்க கூட வர்றீங்களா?"

"எங்கம்மா ஆகாஷி மருத்துவமனைல இருக்காங்க, முதலாளி. நான் ஊரைவிட்டு நகர முடியாது. கோரோவை வேணா கூட்டிட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கறேன்." குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "விடியக்காலை நாலு மணிக்கே முள்ளங்கி ஆரம்பிச்சுருவான். நான் தூங்கி எட்டு மாசமாச்சு."

"அப்ப தகவல் பாதுகாப்புப் பிரிவு பொறுப்பெடுத்துக்கணும்," என்றார் முதலாளி.

பிரிவில் வேறு ஆள் கிடையாது என்பது அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. நாற்பத்திரண்டு பேரும் நுகாகாவின் கட்டத்தைப் பார்த்தார்கள்.

"முதலாளி, பாஸ்வேர்டை மாத்திட்டா பறவைக்குத் தெரிஞ்சது வெறும் குப்பைங்க! முள்ளங்கியும் தவளையும்தான்!"

"பழைய ஆவணங்களை ஏழு வருஷம் வெச்சிருக்கணும்ப்பா. சட்டம்."

"அது ஆவணம் இல்லைங்க, மைனா! நான் வேணா தீவுக்குக் கூட்டிட்டு வந்து..."

"தகவல் ஆபீஸைவிட்டு வெளிய போகக் கூடாதுன்னு பத்து வருஷமா கத்துறது யாரு? நீதானே?"

பத்து வருடமாக நுகாகா சொன்னதில் முதல் முறையாக ஒன்றை யாரோ கேட்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் கனாயே உள்ளே வந்து பெட்டியை இறக்கினாள்.

"மைனா எத்தனை வருஷம் இருக்குமாம்?"

"பதினஞ்சு."

"அதுக்கு இப்ப என்ன வயசு?"

"ரெண்டு."

அவள் சட்டைகளை மடித்து வைத்தாள். ஒன்றை மட்டும் இரண்டு தடவை பிரித்து மடித்தாள். "மனுஷங்க எல்லாரும் வீட்டுல இருக்கலாமுன்னாரே. நீங்க எந்தக் கணக்குல வர்றீங்க?" என்றாள். இரவுச் சாப்பாட்டை அவள் அன்று விருந்தினர் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. அமகசாக்கியில் மூன்றாவது மாடி. நாற்பத்து மூன்று நாற்காலிகள், ஒன்றில் நுகாகா, மேசைமேல் கூண்டு. மேல் மாடியில் அதே ஒற்றை அறை. பழைய சுவர் அப்படியே இருந்தது. மேலாளர் எழுந்து முத்திரை வைத்துவிட்டதால் புதுக் கடவுச்சொல்லுக்கு ஒப்புதல் வந்திருந்தது. கூடவே முதலாளியின் குறிப்பு: "காப்பு நகல் ஒன்று அவசியம் என்று நீ அடிக்கடி சொல்வாய். பறவைக்குப் புதியதையும் கற்றுக்கொடு. உச்சரிப்பு முக்கியம்."

நுகாகா அதை நாலாக மடித்துக் கிழித்தார். பிறகு துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, விதிப்படி பொடியாக்கும் இயந்திரத்தில் போட்டார். திரைக்கு முன் உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, ஓசையில்லாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கோரோ தலையைச் சாய்த்து அவர் விரல்களையே பார்த்தது. உள்ளே போக முடியவில்லை: ஓர் எழுத்து தவறு. மறுபடி தட்டினார். மறுபடி தவறு. மூன்றாம் தடவை தவறினால் கணினி பூட்டிக்கொள்ளும். திறக்க ஆறு முத்திரை வேண்டும்.

அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். விரலை நீட்டினார். நாற்பத்திரண்டு காலி நாற்காலிகளுக்கும் கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

திரையில் கதவு திறந்தது.

ஹிருகவா கேஸ்கெட்டிலிருந்து அன்று முதல் இன்றுவரை ஒரு தகவல்கூட வெளியே போனதில்லை.